காத்தாடிக் கொல்லை

பன்னிரண்டு நாளாக ராஜமேரி காத்தாடி மேல் ஏறவில்லை. ஏறாமல் இருப்பது இத்தனை கஷ்டமான வேலை என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

மேற்கேயிருந்து வரும் காற்று கொல்லை கொல்லையாகத் துடைத்துக்கொண்டு போய் சித்தேரி மலையில் முட்டிக்கொள்ளும் ஆடி மாதம். தாதன்குட்டையில் ஓலைக் கூரைக்காரர்கள் எல்லாரும் கூரைமேல் கல்லை ஏற்றி வைத்திருந்தார்கள். காயப்போட்ட துணியை அடுத்தவன் கொல்லையில் போய்த்தான் பொறுக்க வேண்டும். அந்தக் காற்றில், முப்பத்து மூன்றடி உயர இரும்புக் கோபுரத்தின் உச்சியில், பன்னிரண்டு தகடு வைத்த சக்கரம் கிரீஸ் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பன்றியின் காலைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறபோது கேட்குமே, அந்தச் சத்தம். போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் நரகத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டு வந்த சாமியார் பாதியில் நிறுத்தி, "அந்தக் காத்தாடிக்கு யாராவது கொஞ்சம் எண்ணெய் விடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். கோயிலே திரும்பி ராஜமேரியைப் பார்த்தது. அவள் ஜெபமாலையில் இல்லாத அழுக்கைத் தேய்த்துக்கொண்டு குனிந்துகொண்டாள்.

நாலு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் ஏறினவள். புடவைக்குள் புருஷனுடைய காக்கி டிராயர், மேலே அவனுடைய பழைய சட்டை, இடுப்பில் கிரீஸ் டப்பா. உச்சிக்குப் போய், சக்கரம் திரும்பாதபடி தாம்புக் கயிற்றால் ஒரு கட்டு. நாலு இடத்தில் விரலால் கிரீஸ் அப்பி, இரண்டு போல்ட்டை ஸ்பேனரால் ஒரு முறுக்கு. அப்புறம் அங்கிருந்து ஊரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குவாள். சவரிராயன் கீழே நின்று, "பாத்து மே, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவன் ஏற முடியாது. மூன்றாவது கம்பிக்கு மேல் அவனுக்குத் தலை சுற்றும். ஆனால் பேப்பரில் வந்த படத்தில் கோபுரத்தின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது அவன்தான். கீழே 'காற்றை வசப்படுத்திய விவசாயி' என்று போட்டிருந்தது.

அந்தக் காத்தாடி வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

எண்பத்து மூன்றாம் வருஷம். சவரிராயனுக்கு இரண்டு ஏக்கர் நிலம், நாற்பத்தைந்தடிக் கிணறு, ஒரு ஜோடி மாடு. மாட்டைக் கட்டித் தண்ணீர் இழுக்கும் கவலை ஓட்டித்தான் பாய்ச்சல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ராஜமேரி அந்த மாடுகளின் பின்னால் முன்னே போய், பின்னே வந்து, முன்னே போய், பின்னே வந்து, தாதன்குட்டையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நூறு தடவை நடந்திருப்பாள். மோட்டாருக்குக் கரண்டு கேட்டு அவர்கள் எழுதிக் கொடுத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. வரிசையில் இருநூற்றுப் பதினாலாம் நம்பர். நூற்றுத் தொண்ணூறு வரைக்கும் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்வி.

அப்போதுதான் வட்டார அலுவலகத்து விரிவாக்க அலுவலர் முனிராஜ் டி.வி.எஸ். பிப்டியில் வந்து இறங்கினான். கொளகத்தூர்ப் பக்கத்துப் பையன். நல்லவன். அரசாங்கம் எந்தத் திட்டத்தைக் கொடுத்தாலும் அதை முதலில் நம்பிவிடுகிற நல்லவன்.

"அண்ணா, காத்துக்கு எவனாச்சும் பில்லு போடுவானா? டீசல் வேணாம், கரண்டு வேணாம், மாட்டுக்குத் தீவனம் வேணாம். அது பாட்டுக்குச் சுத்தும், தண்ணி பாட்டுக்குக் கொட்டும். இருபது வருசம் ஆயுசுன்னு போட்டிருக்கறாங்க. செலவு மொத்தம் கவர்மெண்டு. ஒரே ஒரு கண்டிசன். கரண்டு வரிசையில இருந்து பேர எடுத்துட்டோம்னு எழுதிக் குடுக்கோணும். ஒரே ஆளு ரெண்டு சலுகை வாங்கக் கூடாது பாருங்க."

சவரிராயன் ஒரு வாரம் தாடையைச் சொறிந்தான். "எட்டு வருசம் காத்துக் கெடந்த நம்பரு மே."

"நம்பர வெச்சுக்கிட்டு நாக்க வழிக்கறதா?" என்றாள் ராஜமேரி. "எங்காலுல தெம்பு இல்ல. போட்டுத் தொலைங்க கையெழுத்த."

போட்டுத் தொலைத்தான்.

காத்தாடியை மேட்டில் நிறுத்த வேண்டும் என்று படத்தில் இருந்தது. கிணறு பள்ளத்தில் இருந்தது. கிணற்றை மேட்டுக்குக் கொண்டுபோக முடியாதென்பதால் காத்தாடியைப் பள்ளத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேல்பக்கம் காற்றை மறைத்துக்கொண்டு நின்ற புளியமரத்தை, வருஷம் இரண்டு மூட்டை புளி கொடுத்துக்கொண்டிருந்த மரத்தை, வெட்டச் சொன்னார்கள். வெட்டினார்கள். திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி வந்தார். பந்தல், மாலை, சாமியார் தெளித்த தீர்த்தம், ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. காற்று மட்டும் வரவில்லை. பெரிய அதிகாரி ரிப்பனை வெட்டியதும், பேனருக்குப் பின்னால் ஒளிந்திருந்த இரண்டு ஆட்கள் நீள மூங்கில் கழியால் தகட்டைத் தள்ளிவிட்டார்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. எல்லாரும் கை தட்டினார்கள். "இயற்கை நமக்கு இலவசமாகத் தரும் சக்தி" என்று பெரிய அதிகாரி பேசினார். கழி தள்ளியவர்களுக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் என்று பேச்சு. முனிராஜ்தான் கைக்காசில் கொடுத்தான்.

அடுத்த வருஷமே சிறு விவசாயிகளுக்கு மோட்டார் கரண்டு சும்மா என்று ஆகிவிட்டது. இருநூற்றுப் பதினாலு காலியாக இருந்ததால் இருநூற்றுப் பதினைந்தாம் நம்பர்காரன் ஒரு படி முன்னால் வந்து கரண்டை வாங்கிவிட்டான். அவன் பக்கத்துக் கொல்லை மாதையன். அவனும் நல்லவன்தான். வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு தார் வாழை கொண்டுவந்து வைத்து, "எல்லாம் உங்க புண்ணியம்ணா" என்று மனசாரச் சொல்லுவான். அந்தத் தாரை அறுத்துத் தின்ன சவரிராயனுக்கு மூன்று நாள் ஆகும்.

காத்தாடி சுற்றத்தான் செய்தது. ஆடியிலும் ஆவணியிலும் பேயாகச் சுற்றும். அப்போது மழையும் பெய்யும், கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும், பயிருக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. மாசி, பங்குனி, சித்திரையில் மஞ்சளும் மரவள்ளியும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். தண்ணீர் கிணற்றின் அடியில் கிடக்கும். காற்று ஓர் இலையை அசைக்காது. இருபதடிக் கிணற்றுக்கென்று செய்த பம்பு நாற்பதடியில் தொங்கிக்கொண்டிருந்தது. லேசாக ஒரு காற்று எழும்பினால் சக்கரம் அரைச் சுற்றுப் போகும், குழாயில் நிற்கிற தண்ணீரின் கனம் தாங்காமல் திரும்பி வரும், மறுபடி போகும், மறுபடி வரும். "வேணாம் வேணாம்னு தல ஆட்டுது பாரு" என்பான் சவரிராயன். ராஜமேரி நீள மூங்கில் துரட்டியால் தகட்டைத் தள்ளிச் சுற்றிவிடுவாள். எட்டுச் சுற்றில் தண்ணீர் குழாய் வாய்க்கு வரும், எட்டிப் பார்க்கும், இறங்கிப் போய்விடும். மாடுகளையோ காத்தாடி வந்த வருஷமே விற்றாகிவிட்டது.

மூன்று பங்குனியாக சவரிராயன் பெங்களூர் போகிறான். கட்டட வேலை. ஐந்தாவது மாடிக்குச் சாரத்தில் ஏறி கலவைச் சட்டி சுமக்கிற வேலை. மூன்றாவது கம்பியில் தலை சுற்றுகிறவன்.

"அங்க எப்பிடி ஏர்றீங்க?" என்று ராஜமேரி ஒருமுறை கேட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டு."

அவன் அதைத் தமாஷாகத்தான் சொன்னான். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. போன வருஷம் அவன் திரும்பி வந்தபோது அவனோடு சாரத்தில் நின்ற கிருஷ்ணகிரிக்காரன் ஒருவன் திரும்பி வரவில்லை. அதைச் சவரிராயன் சொல்லவில்லை, மாதையன் சொன்னான்.

ஆனி மாதக் கடைசியில் முனிராஜ் ஓடி வந்தான்.

"அக்கா, ஒரு வழி வந்திருக்குது. மெட்ராசுல இருந்து பெரிய சாரு வர்றாரு. டாக்டரு. ஊசி போடற டாக்டரு இல்ல, படிச்ச டாக்டரு. காத்தாடி ஒவ்வொன்னுக்கும் பொறந்ததுல இருந்து சாவற வரைக்கும் எவ்ளோ செலவுன்னு கணக்கெடுக்கறாரு. அவரு கைப்பட 'இந்த எடத்துக்கு ஒத்துவராது'ன்னு எழுதினா காத்தாடியக் கழட்டிக்கினு போயிடுவாங்க. பழைய நம்பரே திரும்பிக் கெடைக்கும். இருநூத்திப் பதினாலு! அரூர்ப் பக்கம் ஒருத்தருக்குக் கெடைச்சிருக்குது."

"இல்லாட்டி?" என்றான் சவரிராயன்.

"இல்லாட்டிப் புதுசா எழுதிப் போடோணும். இப்ப வரிசை ரெண்டாயிரத்துக்கு மேல போவுதுண்ணா. பத்து வருசம்."

"அவரு பங்குனியில வந்து பாத்தா ஒரே நிமிசத்துல எழுதிடுவாரே."

"பங்குனியில எவன்ணா வெயில்ல வருவான்? ஆடியிலதான் வர்றாங்க. சில்லுனு காத்து வருமில்ல." முனிராஜ் குரலைத் தாழ்த்தினான். அந்தக் கொல்லையில் இருந்த வெளியாள் ஒரு ஓணான் மட்டும்தான். "அதனால நான் சொல்றதக் கேளுங்க. எதையும் ஒடைக்க வேணாம், பிடுங்க வேணாம், அது தப்பு. சும்மா இருங்க. கிரீசு வெக்காதீங்க. தோல் வாசரு தேஞ்சு போயிருக்குதில்ல? மாத்தாதீங்க. அதப் போலவே வுட்டுடுங்க. பதினஞ்சு நாளு. சும்மா இருந்தா போதும்."

"இவ்ளோதானே" என்றாள் ராஜமேரி.

இவ்வளவுதான். முதல் சனிக்கிழமை அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் முனகல் ஆரம்பித்தது. எட்டாம் நாள் அலறல். பம்பில் தண்ணீர் நூலாக இளைத்து, சொட்டாகி, சொட்டும் நின்றது. கிணறு நிறையத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்க, தொட்டி காய்ந்து கிடந்தது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"என்னாக்கா, காத்தாடி ஒப்பாரி வெக்குது?" என்றாள் களை வெட்ட வந்த குள்ளம்மாள். "யாரு செத்தாங்க?"

"அதுதான் சாவுது. நீ களையப் பாரு."

"ரவ எண்ணெ வுடறதுக்கு என்னா? நீதான் கொரங்காட்டம் ஏறுவியே."

"இடுப்புப் புடிச்சுக்கிச்சு."

"இடுப்பா, மனசா?" என்று குள்ளம்மாள் சிரித்தாள். "வரவர நீயும் ஊரு பொம்பளைங்க மாதிரி ஆயிட்ட. போட்டது போட்டபடி."

அது ராஜமேரிக்குச் சுருக்கென்று தைத்தது. போட்டது போட்டபடி வைக்கிறவள் என்று அவளை யாரும் சொன்னதில்லை. அவள் அம்மிக்கல்லைக் கூட அரைத்து முடித்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க முடியாதே என்று வருத்தப்படுகிறவள். ஒருநாள் விடியலில் தன்னையறியாமல் கிரீஸ் டப்பாவோடு கோபுரத்தடியில் நின்றிருந்தாள். சவரிராயன்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தான்.

"சும்னே இரு மே" என்றான். பெங்களூரிலிருந்து அவன் கொண்டுவந்தது அந்தக் கன்னடமும் ஒரு இருமலும்தான். "இன்னும் மூணே நாளு. நம்பரு கையில வந்துட்டா நான் எதுக்கு அங்க போறேன்?"

பதிமூன்றாம் நாள் ஜீப் வந்தது.

டாக்டர் சார் உயரமாக, சிவப்பாக, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தார். இறங்கியதும் மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்து, "பிரமாதம்" என்றார், காற்றை அவர்தான் அனுப்பி வைத்தது போல. முனிராஜ் பைலைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான். காத்தாடி அலறியது. டாக்டர் காதைப் பொத்தவில்லை. அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். ராஜமேரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வீட்டில் சேவல் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுக்கப் போகிறவருக்கு நல்லபடியாகப் போட வேண்டாமா?

கயிற்றுக் கட்டிலில் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். டாக்டர் ஒரு நீளப் படிவத்தைப் பிரித்தார்.

"மொத்தம் எத்தனை நாள் ஓடவில்லை?"

"மாசியில இருந்து வைகாசி வரைக்கும் ஓடலீங்க" என்றான் சவரிராயன். "நாலு வருசமா."

"அது காற்று இல்லாத நாள். இயந்திரம் பழுதாகி ஓடாத நாள் எத்தனை?"

சவரிராயன் முனிராஜைப் பார்த்தான். முனிராஜ் வானத்தைப் பார்த்தான்.

"ரிப்பேர் செலவு?"

"தோல் வாசரு ரெண்டு மாசத்துக்கு ஒன்னு தேஞ்சுடுதுங்க. பாப்பிரெட்டிப்பட்டியில செருப்பு தெக்கறவருகிட்ட எருமத் தோலு வாங்கி, வெளக்கெண்ணெயில ஊற வெச்சு, நாங்களே வெட்டிக்கறோம்."

"ஒன்றுக்கு எவ்வளவு?"

"ரெண்டு ரூவா."

எழுதிக்கொண்டார். "மேலே ஏறி கிரீஸ் வைக்க ஆள் கூலி?"

"கூலி யாருக்குங்க? இவதான்..." என்று ஆரம்பித்த சவரிராயன், முனிராஜ் இருமியதும் நிறுத்திக்கொண்டான். ஏறினோம் என்று சொன்னால், ஏன் இப்போது ஏறவில்லை என்று வருமே.

"அப்போ கூலி இல்லை." டாக்டர் ஒரு சைபர் போட்டார். புளியமரத்துக்கு அந்தத் தாளில் இடம் இல்லை. மாட்டுக்கும் இல்லை. பெங்களூருக்கும் இல்லை. ராஜமேரி கதவோரம் நின்று அந்தப் பேனா போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு முன்பே எல்லாரும் கிணற்றடிக்குப் போனார்கள். டாக்டர் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காய்ந்த தொட்டியைப் பார்த்தார். கோபுரத்தின் காலில் வழிந்திருந்த துருவை விரலால் தொட்டு முனிராஜிடம் காட்டினார்.

"இதைத்தான் நான் ஜில்லா ஜில்லாவாகப் பார்க்கிறேன். டிசைனில் ஒரு குற்றமும் கிடையாது. நாங்கள் இருபது வருஷத்துக்குச் செய்து கொடுக்கிறோம், இவர்கள் நாலு வருஷத்தில் சாகடித்துவிடுகிறார்கள். சும்மா வந்ததுதானே. மேலே ஏறி ஒரு விரல் கிரீஸ் வைக்க வலிக்கிறது. பொங்கலுக்கு ஒரு பொட்டு வைத்துக் கும்பிடச் சொல்லுங்கள், அதை மட்டும் ஒழுங்காகச் செய்வார்கள்."

"ஆமாங் சார்" என்றான் முனிராஜ் அவசரமாக. "ஒத்துவராதுங் சார். இந்த எடத்துக்கே ஒத்துவராதுங் சார்."

"ஒத்துவராதது இடம் இல்லை. ஆட்கள்." டாக்டர் பேனாவைத் திறந்தார். "சரி, ஒத்துவராது என்றே எழுதிவிடலாம். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட மேலே ஏறியிருக்க மாட்டார்கள்."

எழுதட்டும் என்று விட்டிருக்க வேண்டும். பேனா தாளைத் தொட்டுவிட்டது. ஒரு மூச்சுப் பிடித்திருந்தால் போதும். சவரிராயன் அப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். சோம்பேறி என்று பெயர் வாங்குவது அவனுக்கு ஒன்றும் சிரமமாக இல்லை. ஐந்தாவது மாடியிலிருந்து பார்த்தால் அது ரொம்பச் சின்ன விஷயம்.

"யாரு ஏறல?"

எல்லாரும் திரும்பினார்கள். ராஜமேரி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"மே, சும்னே இரு" என்றான் சவரிராயன்.

"இல்லீங்க, யாரு ஏறலன்னு கேக்கறேன். நாலு வருசம், வருசத்துக்கு அம்பத்திரெண்டு சனிக்கெழம. காச்சல்ல ஏறியிருக்கறேன். எங்கம்மா செத்து எட்டாம் நாளு ஏறியிருக்கறேன். நீங்க ஏறியிருக்கறீங்களா சார்? செஞ்சு குடுத்தீங்களே, ஒருக்கா ஏறியிருக்கறீங்களா?"

டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் அவள் புடவையை நாற்று நடுகிற கட்டாகக் கட்டிக்கொண்டு ஐந்தாவது கம்பியில் இருந்தாள். கோபுரத்தடியில் வைத்திருந்த டப்பாவும் ஸ்பேனரும் கயிறும் இடுப்பில் ஏறியிருந்தன. டிராயர் இல்லை, சட்டை இல்லை, அன்றைக்கு விருந்தாளிக்காகக் கட்டிய நல்ல புடவை. காற்று அவளைக் கோபுரத்தோடு சேர்த்து அறைந்தது. உச்சியில் கயிற்றை வீசிச் சக்கரத்தை நிறுத்தினாள். அலறல் நின்றது. எட்டு நாளுக்கப்புறம் ஊரில் ஒரு நிசப்தம் விழுந்தது. எங்கேயோ ஒரு கோழி கொக்கரிப்பது கேட்டது.

கீழே முனிராஜ் இரண்டு கையையும் ஆட்டினான். வேண்டாம், இறங்கு, விட்டுவிடு என்று ஆட்டினான். பாவம், விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "ஒன்னும் ஆவாது தம்பி!" என்று கத்தினாள். நாலு இடம். ஒவ்வோர் இடத்திலும் பழைய கரியை வழித்தெறிந்துவிட்டு விரல் விரலாகக் கிரீஸ். போல்ட்டுக்கு ஒரு முறுக்கு. கயிற்றை அவிழ்த்தாள். சக்கரம் பூனை மாதிரிச் சுற்றத் தொடங்கியது.

"சத்தம் போய்விட்டது" என்றார் டாக்டர், அவள் இறங்கியதும். "ஆனால் தண்ணீர் வரவில்லையே."

அப்போதாவது நினைவு வந்திருக்கலாம். வரவில்லை. 'வரவில்லையே' என்று ஒருவன் அவள் கொல்லையில் நின்று சொல்லிவிட்டான், அது ஒன்றுதான் அவள் காதில் இருந்தது. கிணற்றுக்குள் படியில் இறங்கினாள். விளக்கெண்ணெய்ப் புட்டியில் ஊறிக்கொண்டிருந்த புதுத் தோல் சுவர்ப் பொந்தில் தயாராக இருந்தது. எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். பம்புத் தண்டைச் சக்கரத்தின் கம்பியிலிருந்து கழற்றி மேலே உருவி, தேய்ந்ததைப் பிடுங்கி எறிந்து, புதியதை மாட்டி, திரும்ப இறக்கிப் பூட்டி, ஒரு சொம்பு தண்ணீரைக் குழாய் வாயில் ஊற்றினாள். மேலே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

குழாய் இரண்டு தடவை விக்கியது. பிறகு தொட்டியில் மணிக்கட்டுக் கனத்துக்குத் தண்ணீர் விழுந்தது. ஆடிக் காற்றில் விழுகிற மாதிரி, கொட்டு கொட்டு என்று கொட்டியது.

"பாத்துக்கோங்க" என்றாள் ராஜமேரி.

"பார்த்தேன்" என்றார் டாக்டர். அவர் கண்ணில் உண்மையான சந்தோஷம் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தைந்து நிமிஷம்! முனிராஜ், இதை எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகாத ஒரு கிராமத்துப் பெண் இருபத்தைந்து நிமிஷத்தில் தானே சரிசெய்துவிடும் அளவுக்கு எளிமையான டிசைன். பராமரிப்புச் செலவு, வருஷத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். ஆள் கூலி இல்லை. நான் இத்தனை நாளாக ஒரு நல்ல உதாரணம் தேடிக்கொண்டிருந்தேன்."

முனிராஜ் பேனாவை வாங்கினான். எழுதவில்லை, கையில் வைத்துக்கொண்டு ராஜமேரியைப் பார்த்தான். அவள் புருஷனைத் தேடினாள். சவரிராயன் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து, விழுகிற தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கையைப் பார்த்தபோதுதான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கிரீஸ் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார்," என்றாள், "இது ஆடிங்க சார். பங்குனியில வந்து பாருங்க சார். ஒரு சொட்டு வராதுங்க. ஒத்துவராதுங்க சார் இது."

"நீங்களே இப்படிச் சொல்லலாமா?" டாக்டர் அன்போடு சிரித்தார். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தால் இந்த நாட்டில் ஒத்துவராதது எதுவுமே கிடையாது அம்மா."

சேவல் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜீப் கிளம்பும்போது ஒரு படமும் எடுத்தார்கள். இந்தத் தடவை ராஜமேரியைத்தான் கோபுரத்தடியில் நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் மாதையன் வரப்பு வழியே வந்தான். "என்னண்ணா, சத்தமே காணோம். கழட்டிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், சுற்றுகிற சக்கரத்தையும் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த காரியம் வேறு என்பதுபோல ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு திரும்பிப் போனான்.

சவரிராயன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மிஞ்சிய குழம்பில் களியைத் தொட்டுத் தின்றுகொண்டே, "நல்லாத்தான் மே ஏறுன" என்றான். "கீழ நின்னு பாத்தா எனக்கே கைதட்டலாம்னு இருந்துச்சு."

"ஏனுங்க, நாலு அடி அடிச்சுடுங்க."

"எதுக்கு? அந்த ஆளு சொன்னது பொய்யி. பொய்ய எப்பிடிக் கேட்டுக்கினு நிக்கறது?"

"நீங்க நின்னீங்களே."

அவன் யோசித்தான். "நான் ஏறலையே மே. அதனால எனக்கு அது பொய்யில்ல" என்றான். கை கழுவ எழுந்து போனான்.

மஞ்சளை ஐப்பசி மழை காப்பாற்றியது, தை வரைக்கும் தெம்பாக நின்றது. மாசியில் கிணறு இறங்கியது, காற்று நின்றது. சக்கரம் அரைச் சுற்றுப் போய்த் திரும்பி வந்தது. சவரிராயன் ஒரு துணிப்பையில் இரண்டு வேட்டியும் ஒரு பொட்டலம் கொள்ளுமாவும் வைத்துக்கொண்டு தர்மபுரி பஸ்ஸுக்கு நின்றான். புது நம்பர் வந்திருந்தது: இரண்டாயிரத்து நானூற்று ஆறு. அதை அவன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனான்.

அவன் போன மூன்றாம் வாரம் ஒரு வேன் வந்தது. நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயிகள் இருபது பேர். 'முன்மாதிரிப் பயனாளி'யைப் பார்க்க அழைத்து வந்திருக்கிறார்கள். முனிராஜ் தலையைக் குனிந்துகொண்டே இறங்கினான்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. புத்தகம் போட்டுட்டாங்க. உங்க படம் அட்டையிலயே இருக்குது. நம்ம ஜில்லாவுல மட்டும் இன்னும் எம்பது காத்தாடி வெக்கப் போறாங்களாம். ரெண்டு வார்த்த பேசுங்க. செலவு ஒன்னும் ஆவலன்னு மட்டும் சொன்னா போதும்."

"ஆவலதான்" என்றாள் ராஜமேரி. "பன்னெண்டு ரூவா."

காற்று இல்லாததால் முனிராஜே துரட்டியை எடுத்து சக்கரத்தைச் சுற்றிக் காட்டினான். ஆண்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் நின்றாள். பெயர் சென்னம்மாள் என்றாள். முப்பது வயதிருக்கும், கரும்பு வெட்டிக் காய்த்த கை. புருஷன் நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏனக்கா, கரண்டுக்கு எழுதிப் போட்டு எங்களுக்கு ஏழு வருசமாச்சு. அத வுட்டுட்டு இதுக்குப் போடலாமான்னு அவரு கேக்கறாரு. நான்தான் போடச் சொல்லிக்கினு இருக்கறேன். மாட்டுப் பின்னால நடந்து காலே போச்சுக்கா." அவள் கோபுரத்தை அளந்து பார்த்தாள். "இதுல ஏறியெல்லாம் வேல பாக்கோணுமாமே?"

"ஏறோணும்."

"ஏறிடுவேன். பனமரமே ஏறுவேன் நானு." சென்னம்மாள் சிரித்தாள். "எங்க வூட்டுக்காரருக்குத்தான் ஒசரம்னா பயம்."

முனிராஜ் துரட்டியைப் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேட்டாலும் பரவாயில்லை என்று ராஜமேரிக்குத் தோன்றியது. அவள் அந்தப் பெண்ணின் காய்த்த கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போடாத" என்றாள். "அத நீ கேக்க மாட்ட. நானும் கேக்கல. போட்டுட்டீன்னா, ஒன்னு மட்டும் கேட்டுக்கோ. உனக்கு ஏறத் தெரியும்னு அவனுங்களுக்குக் காட்டிக்காத. செத்தாலும் காட்டிக்காத."

சென்னம்மாளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "போக்கா, தெரிஞ்சதத் தெரியாதுன்னு எப்பிடிச் சொல்றது?" என்று சொல்லிக்கொண்டே முந்தானையை இடுப்பில் செருகி, முதல் கம்பியில் காலை வைத்து, தாங்குகிறதா என்று ஒருமுறை எம்பிப் பார்த்தாள்.